வீட்டு மேசையில் ஓர் இணையத்தளம்: பழைய மடிக்கணினியை வைத்துத் தொடங்குவது எப்படி?

இணையத்தளம் என்று நாம் பார்ப்பவை எல்லாம் கடைசியில் ஏதோ ஒரு கணினியில் கிடக்கும் கோப்புகள்தான். யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு அதே கணினியில் ஒரு நிரல் விழித்திருக்கும். அந்தக் கணினி சிங்கப்பூரில் குளிரூட்டிய கட்டடம் ஒன்றில் இருக்கலாம். திருகோணமலை உப்புவெளியில் ஒரு வீட்டு முன்னறை மேசையிலும் இருக்கலாம். பார்க்கிறவருக்கு வேறுபாடு தெரியாது.

1990ஆம் ஆண்டின் இறுதியில், செர்ன் ஆய்வுகூடத்தில் டிம் பேர்னர்ஸ் லீ உலகின் முதல் இணையத்தளத்தை இயக்கியதும் அவருடைய அலுவலகக் கணினி ஒன்றில்தான். நெக்ஸ்ட் நிறுவனம் செய்த கறுப்புப் பெட்டி அது. இந்தக் கணினி ஒரு வழங்கி, இதை அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையால் எழுதிய தாள் ஒன்றை அவர் அதன் மேல் ஒட்டியிருந்தார். சேர்வர் என்று நாம் சொல்லும் வழங்கியின் முழு இலக்கணமும் அந்தத் தாளில் அடங்கிவிடுகிறது: கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும், எப்போதும் விழித்திருக்க வேண்டும்.

இன்று பல வீடுகளில் அலுமாரிக்குள் கிடக்கும் மடிக்கணினிக்கு அந்தப் பெட்டியைவிடப் பல மடங்கு வலு உண்டு. பிள்ளையின் படிப்புக்கு வாங்கியதாக இருக்கும். பற்றரி தளர்ந்து, விண்டோஸ் இழுத்து இழுத்து ஓடத் தொடங்கியதும் ஒதுக்கிவைத்திருப்பார்கள். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியபோது இப்படி ஒதுங்கிய இயந்திரங்கள் இன்னும் கூடின. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி அவற்றில் பலவற்றுக்கு இல்லை. பழைய இரும்புக்காரரிடம் போவதற்கு முன் அவற்றுக்கு ஒரு நல்ல வேலை மிச்சமிருக்கிறது.

ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு போவோம். ஊரில் ஒரு வாசிகசாலை இருக்கிறது. அதன் புத்தகப் பட்டியல், பழைய ஆண்டு மலர்கள், விழாப் படங்கள் ஆகியவற்றை இணையத்தில் வைக்க வேண்டும். பார்க்கப்போகிறவர்கள் ஊரில் சிலர், ரொறன்ரோவிலும் லண்டனிலும் குடியேறிய ஊரவர்கள் சிலர். நாளுக்கு நூறு பேர் வந்தால் அதுவே பெரிய கூட்டம். இந்த அளவுக்கு மாத வாடகை கொடுத்து வழங்கி எடுக்கத் தேவையில்லை என்பது என் உறுதியான கருத்து. செலவு ஒரு காரணம்தான். அதைவிடப் பெரிய காரணம், வீட்டில் வைத்து இயக்கும்போது இணையத்தின் ஒவ்வொரு மூட்டும் கையில் படும் என்பது. வாடகைச் சேவையில் அவை ஒரு பொத்தானுக்குப் பின்னால் மறைந்துவிடும். கற்க வேண்டியதும் அங்கேயே மறைந்துவிடும்.

கேள்வி வரும் பாதை

ரொறன்ரோவில் ஒருவர் தளத்தின் பெயரை உலாவியில் தட்டுகிறார். உலாவிக்குப் பெயர் கிடைத்தது, இடம் தெரியாது. ஆகவே அது டிஎன்எஸ் என்ற பெயர்ப் பதிவேட்டைக் கேட்கிறது. 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்த ஏற்பாடு இது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும். ஐபி முகவரி என்பது அந்த எண்தான். கேள்வி அந்த எண்ணை நோக்கிப் புறப்பட்டு, கடலடிக் கேபிள்களைக் கடந்து, இலங்கையில் உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனத்திடம் வந்து, அங்கிருந்து வீட்டு ரூட்டருக்கு வருகிறது. ரூட்டர் அதை மடிக்கணினியிடம் கொடுக்க, அங்கே காத்திருக்கும் நிரல் உரிய கோப்பை எடுத்து வந்த வழியே திருப்பி அனுப்புகிறது.

கட்டும்போது இந்தப் பாதையைக் கடைசியிலிருந்து முன்னோக்கிக் கட்டுங்கள். முதலில் கோப்பும் கணினியும் வீட்டுக்குள்ளேயே ஒழுங்காக வேலைசெய்யட்டும். பிறகு ரூட்டர். அதன் பிறகே பெயர். முதல் நாளே பெயரை வாங்கிவிட்டால், மற்றவை முடியும்வரை ஒன்றுமில்லாத பெயருக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்க நேரும்.

எந்தக் கணினி?

மேசைக் கணினியும் மடிக்கணினியும் இரண்டும் கைவசம் இருந்தால் மடிக்கணினியை எடுங்கள். மின்சாரக் கணக்குதான் முதற்காரணம். திரை அணைந்த நிலையில் சும்மா காத்திருக்கும் மடிக்கணினி 15 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு பகலாக 30 நாளுக்கு 10.8 அலகு வரும். அதே கணக்கில் 80 வாட் இழுக்கும் பழைய மேசைக் கணினிக்கு 57.6 அலகு. நம் வீட்டு மின்பட்டியல் அலகு கூடக்கூடப் படிமுறையாக விலை ஏறும் பட்டியல் என்பதால், அந்த 47 அலகு வேறுபாடு வீட்டின் மற்றப் பாவனையையும் உயர்ந்த விலைப்படிக்குத் தள்ளிவிடக்கூடும். அடுத்தது, மடிக்கணினிக்குள் ஏற்கெனவே ஒரு பற்றரி இருக்கிறது. அரை மணி நேரம் தாங்கினாலும் சிறு மின்தடைகளை அது கடத்திவிடும்.

செயலி 64-பிட் வகையா என்று முதலில் பாருங்கள். 2006க்குப் பின் வந்த கோர் 2 டுவோ, அதற்கடுத்த தலைமுறைகள் எல்லாம் 64-பிட்தான். நாம் நிறுவப்போகும் இயங்குதளம் டெபியன்; 2025 ஓகஸ்டில் வெளிவந்த அதன் 13ஆம் பதிப்பு, பழைய 32-பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. நினைவகம் 2 ஜிபி இருந்தால் இந்த வேலைக்குத் தாராளம்.

பழைய கணினியில் நான் நம்பாத உறுப்பு அதன் சுழலும் வன்தட்டு. ஆண்டுக்கணக்கில் அசைத்துத் திரிந்த தட்டு, இரவு பகலாகச் சுழலும் வேலையில் எந்த நாளும் கைவிடலாம். சுழலும் பாகம் இல்லாத சிறிய எஸ்எஸ்டி சேமிப்பகம் ஒன்றை வாங்கி மாற்றிவிட்டால் கணினிக்கு மறுபிறப்பு. அந்தச் செலவுக்கு வழியில்லை என்றால், தட்டு தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையை எடுத்துப் பழுதான பகுதிகளின் எண்ணிக்கை பூச்சியமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பற்றரியைக் கழற்றிக் கையில் எடுத்துப் பாருங்கள். நடுவில் வீங்கியிருந்தால், அல்லது அதன் அழுத்தத்தில் விசைப்பலகை மேலெழுந்திருந்தால், அந்தப் பற்றரியைப் பயன்படுத்தவே கூடாது. லிதியம் பற்றரியின் வீக்கம் தீப்பிடிப்புக்கான எச்சரிக்கை. பற்றரி இல்லாமலே கணினி ஓடும். நல்ல பற்றரி என்றாலும், எந்நேரமும் மின்னில் கிடப்பது அதற்கு ஆகாது. 80 வீதத்துடன் மின்னேற்றத்தை நிறுத்தும் வசதி உங்கள் கணினியில் இருந்தால் அதை இயக்கிவிடுங்கள்.

எங்கே வைப்பது என்பதில் நம் ஊருக்கென்றே ஒரு கவனம் வேண்டும். டைக் வீதியிலோ நிலாவெளிக் கரையோரத்திலோ வீடு இருந்தால், ஜன்னல் கம்பி எவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். அதே உப்புக்காற்றைத்தான் கணினியின் விசிறி நாள் முழுவதும் உள்ளே இழுக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்குக் கிட்ட வேண்டாம். உள்ளறையில், தரையிலிருந்து உயர்ந்த ஒரு தட்டில், நான்கு பக்கமும் காற்றோட்டம் உள்ளவாறு வையுங்கள். உப்புக்குப் பயந்து பொலித்தீனால் மூடினால் சூடு கொன்றுவிடும்.

மென்பொருள்

லினக்ஸ் இயங்குதளங்களில் எதை எடுத்தாலும் சரி. புதியவருக்கு டெபியனைச் சொல்வேன். 1993 முதல் தொண்டர்கள் சேர்ந்து வளர்க்கும் இயங்குதளம் அது. ஆர்ப்பாட்டமில்லாமல் ஆண்டுக்கணக்கில் ஓடும். நிறுவியைப் பென் டிரைவில் ஏற்றி நிறுவுங்கள். இடையில் என்னென்ன வேண்டும் என்று கேட்கும் பட்டியலில் திரைச்சூழல்கள் எதையும் எடுக்காமல், எஸ்எஸ்எச் சேர்வர், அடிப்படைக் கருவிகள் ஆகிய இரண்டை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இனி அந்தக் கணினிக்குத் திரை தேவையில்லை. வீட்டின் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகக் கட்டளை தட்டினால் போதும். மூடியை மூடினால் உறங்கப்போகும் பழக்கத்தை மட்டும் அமைப்பில் மாற்றிவிடுங்கள். வைஃபை வேண்டாம், ரூட்டருக்குக் கேபிள் போடுங்கள்.

கோப்பைக் கொடுக்கும் நிரலுக்கு எஞ்சின்எக்ஸ் நல்ல தெரிவு. இகோர் சிசோயெவ் 2004இல் வெளியிட்டது. குறைந்த நினைவகத்தில் நிறையப் பேருக்குப் பதில் சொல்லும். ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். நிறுவிய உடன், வீட்டு வைஃபையில் உள்ள கைத்தொலைபேசியின் உலாவியில் மடிக்கணினியின் எண்ணைத் தட்டிப் பாருங்கள். வரவேற்புப் பக்கம் ஒன்று வரும். அந்தப் பக்கம் வந்த கணத்தில் உங்கள் கணினி வழங்கியாகிவிட்டது. மிச்சமுள்ள வேலை எல்லாம் வீட்டுக்கு வெளியே இருப்பவரை அதனிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான்.

தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ் போடலாமா என்று பலர் கேட்பார்கள். போடலாம், முதல் தளத்துக்கு வேண்டாம் என்பேன். அதற்கு பிஎச்பி என்ற நிரல்மொழி வேண்டும், தரவுத்தளம் வேண்டும், செருகுநிரல்களை இடைவிடாமல் மேம்படுத்திக்கொண்டிருக்க வேண்டும். ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் அந்த ஓட்டையால் உள்ளே வந்துவிடுவார்கள். வெறும் எச்டிஎம்எல் கோப்புகளாகத் தளத்தை எழுதினால் உடைக்க அங்கே அதிகம் இல்லை. வாசிகசாலையின் புத்தகப் பட்டியல் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லையே.

தமிழ்ப் பக்கங்களும் படங்களும்

இலங்கையில் கணினித் தட்டச்சு பரவிய காலத்தில் பெரும்பாலான தமிழ் ஆவணங்கள் பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டன. வாசிகசாலையின் பழைய மலர்கள் கோப்பாகக் கிடைத்தால் அநேகமாக அந்த வடிவில்தான் கிடைக்கும். பாமினியில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தை வரைந்து காட்டுகிறது. ஆகவே அந்த எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தெரியும். கூகுளில் தேடினாலும் அகப்படாது.

அவற்றை, எல்லாக் கருவிகளும் படிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யுனிகோடுக்கு மாற்றாமல் தளத்தில் ஏற்றக் கூடாது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. மாற்றிய பின் ஒரு தடவை கண்ணால் வாசித்துத் திருத்தியே ஆக வேண்டும். பாமினியில் ஔகாரக் குறியும் ளகரமும் ஒரே விசை. கருவிக்கு எது எது என்று தெரியாமல் கௌரவம் என்பது கெளரவம் ஆகிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிவதால் திருத்துகிறவரும் தவறவிடுவார். தேடுகிற இயந்திரத்துக்கோ அவை வெவ்வேறு சொற்கள். கௌரி, பௌர்ணமி, சௌந்தரராஜன் என்று ஆட்பெயர்களிலும் இது நிறைய வரும். தன் அப்பாவின் பெயரைத் தேடி வரும் ஒருவருக்கு அந்தப் பக்கம் கிடைக்காமலே போகலாம். இந்த வேலைக்கு நேரம் கொடுங்கள். கணினி வேலைகள் அனைத்திலும் பார்க்க இதற்குத்தான் கூடுதல் நேரம் தகும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று அறிவிக்க வேண்டும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் பிடிக்கும்; ஆங்கில எழுத்துக்கு ஒன்றே போதும். மும்மடங்கு என்றதும் பயப்பட வேண்டியதில்லை. பத்தாயிரம் குறியீடுகள் கொண்ட நீண்ட கட்டுரையும் 30 கிலோபைட்தான்; எஞ்சின்எக்ஸின் சுருக்கும் வசதியை இயக்கினால் இன்னும் குறையும்.

பாரம் படங்களில்தான் இருக்கிறது. கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 4 மெகாபைட் வரும். உங்கள் இணைப்பின் பதிவிறக்க வேகம் எவ்வளவு என்றாலும் இங்கே அது உதவாது. தளம் நடத்தும்போது தரவு வீட்டிலிருந்து வெளியே போகிறது. எனவே பதிவேற்ற வேகமே கணக்கு. அது செக்கனுக்கு 2 மெகாபிட் என்றால், 4 மெகாபைட் படம், அதாவது 32 மெகாபிட், வெளியே போக 16 செக்கன் எடுக்கும். பத்துப் படம் உள்ள பக்கத்தை யாரும் பொறுத்திருந்து பார்க்க மாட்டார்கள். அதே படத்தை 1,200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்துச் சேமித்தால் 150 கிலோபைட் அளவுக்குக் கொண்டுவரலாம், 0.6 செக்கனில் போய்விடும். மூலப்படத்தை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, குறைத்த படத்தைத் தளத்தில் வையுங்கள்.

மாத அளவு உள்ள இணைப்பு என்றால் அதையும் கணக்கிடலாம். ஒரு பக்கம் அரை மெகாபைட், நாளுக்கு நூறு பேர் ஒவ்வொரு பக்கம் பார்க்கிறார்கள் என்றால் மாதத்துக்கு 1.5 ஜிபி. வீட்டில் இரண்டு திரைப்படம் பார்க்கும் செலவுதான்.

வெளியுலகுக்குக் கதவு திறப்பது

புதியவர்கள் மலைத்து நிற்கும் இடம் இது.

வீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கிறது: 192.168.1.20 என்பதுபோல. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை எல்லாம் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பயன்படுத்தவென்று ஒதுக்கப்பட்ட எண்கள். மூதூரிலும் இதே எண்ணில் ஒரு கணினி இருக்கும், மட்டக்களப்பிலும் இருக்கும். ஆகவே வெளியிலிருந்து யாரும் அந்த எண்ணைத் தேடி வர முடியாது. வெளியுலகுக்கு உங்கள் வீடு முழுவதும் ஒரே எண், அது ரூட்டரின் எண்.

ஒரே படலை, உள்ளே நான்கு வீடுகள் கொண்ட வளவை நினைத்துக்கொள்ளுங்கள். தபால்காரர் படலைவரை வந்துவிடுவார். கடிதத்தில் வளவின் இலக்கம் மட்டும் இருந்தால் எந்த வீட்டில் கொடுப்பது? முன்கூட்டியே படலையில் ஒரு குறிப்பு வைத்திருக்க வேண்டும். ரூட்டரில் நாம் வைக்கும் அந்தக் குறிப்புக்குப் போர்ட் ஃபோவர்டிங் என்று பெயர். இணையப் பக்கம் கேட்டு வரும் கேள்விகள் 80, 443 என்ற இரண்டு வாயில் எண்களுடன் வரும். அந்த இரண்டையும் மடிக்கணினியின் உள்ளக எண்ணுக்கு அனுப்பு என்று ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். அதற்கு முன், மடிக்கணினிக்கு எப்போதும் ஒரே உள்ளக எண்ணைக் கொடுக்கும்படியும் அதே பக்கத்தில் அமைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் ரூட்டர் மீண்டும் தொடங்கும்போது எண் மாறி, கேள்விகள் எல்லாம் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போகும்.

சிலருக்கு எல்லாம் சரியாகச் செய்தும் வெளியிலிருந்து தளம் திறக்காது. தவறு அவர்களுடையதாக இராது. ஐபி முகவரி முறையின் நான்காம் பதிப்பில் இருப்பதே சுமார் 430 கோடி எண்கள்தான். உலகிலுள்ள கருவிகளுக்கு அது எப்போதோ போதாமல்போய்விட்டது. ஆகவே இணைப்புத் தரும் நிறுவனங்கள் பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளியெண்ணைக் கொடுக்கின்றன. 4ஜி ரூட்டர்களில் இது மிகச் சாதாரணம். அந்த நிலையில் கேள்வி உங்கள் ரூட்டருக்கே வந்து சேராது. நிறுவனத்தின் கருவியோடு நின்றுவிடும். இதை அறிய எளிய வழி உண்டு. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வெளியிணைப்புக்கான எண்ணைப் பாருங்கள். பிறகு, என் ஐபி என்ன என்று காட்டும் தளம் ஒன்றில் தெரியும் எண்ணுடன் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் வழி திறந்திருக்கிறது. ரூட்டரில் தெரிவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், அது 2012இல் இந்தப் பகிர்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண் வரிசை; உங்கள் இணைப்பு பகிரப்பட்டது.

அப்படியானால் நிறுவனத்திடம் தனி வெளியெண் கேட்டுப் பார்க்கலாம். தந்தாலும் தனிக் கட்டணம் இருக்கக்கூடும். மற்ற வழி சுரங்க இணைப்பு. வெளியிலிருந்து உள்ளே வரும் கேள்விதானே தடைப்படுகிறது, உள்ளிருந்து வெளியே போவது தடைப்படவில்லை. ஆகவே மடிக்கணினியே வெளியிலுள்ள ஒரு கணினிக்கு இணைப்பை ஏற்படுத்தி, அதை விடாமல் பிடித்துக்கொள்கிறது. பார்வையாளர் அந்த வெளிக் கணினியைக் கேட்க, கேள்வி ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு வழியாக வீட்டுக்கு வருகிறது. கிளவுட்ஃபிளேர் நிறுவனம் இந்தச் சேவையை இலவசமாகத் தருகிறது. ரூட்டரில் எந்த வாயிலையும் திறக்கத் தேவையில்லை. வீட்டின் எண்ணும் வெளியே தெரியாது. ஒன்றை மட்டும் அறிந்து பயன்படுத்துங்கள்: உங்கள் தளத்துக்கு வரும் போகும் தரவு எல்லாம் அந்த நிறுவனத்தின் கணினியில் பூட்டுத் திறந்து, அவர்கள் வாசிக்கக்கூடிய நிலையில்தான் கடக்கும். எல்லோரும் பார்க்கவே வைத்த வாசிகசாலைப் பக்கங்களுக்கு அதனால் கேடில்லை. கடவுச்சொற்களும் தனிப்பட்ட கடிதங்களும் போகும் தளம் என்றால் நான் அந்த வழியை எடுக்க மாட்டேன்.

தனி வெளியெண் கிடைத்தவர்களுக்கும் அது அடிக்கடி மாறலாம். டைனமிக் டிஎன்எஸ் சேவைக்கான சிறு நிரலைக் கணினியில் ஓடவிட்டால், எண் மாறும்போதெல்லாம் பெயர்ப் பதிவேட்டில் புதிய எண்ணை அது எழுதிவிடும்.

சோதிக்கும்போது ஒரு கவனம். வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு தளத்தின் வெளிப்பெயரைத் தட்டினால் சில ரூட்டர்கள் திறக்க விடா. தளம் கெட்டுவிட்டது என்று எண்ணி நல்ல அமைப்பை எல்லாம் குலைத்துவிடாதீர்கள். கைத்தொலைபேசியின் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

பெயரும் பூட்டும்

எல்கே என்று முடியும் பெயர்களை, 1990 முதல் இயங்கும் எல்கே டொமைன் பதிவகம் வழங்குகிறது. 2010 முதல் .இலங்கை என்றே முடியும் தமிழ்ப் பெயர்களும் உண்டு. ஊர் வாசிகசாலைக்கு முழுக்கத் தமிழிலேயே ஒரு முகவரி என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி தரும் செய்தி. கணினிகளுக்கிடையே அது ஆங்கில எழுத்துகளாக உருமாற்றப்பட்டே பயணிக்கும், சில செயலிகள் அந்த உருமாறிய வடிவத்தையே காட்டிவிடும். எனவே அச்சடிக்கும் அழைப்பிதழ்களுக்கு எல்கே பெயர் ஒன்றையும் சேர்த்து வைத்திருப்பது வசதி.

உலாவியில் பூட்டு அடையாளம் வருவதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலாப நோக்கற்ற சேவை 2015 முதல் இலவசமாகத் தருகிறது. 90 நாளில் காலாவதியாகும் சான்றிதழை செர்ட்பாட் என்ற நிரல் தானாகவே புதுப்பித்துவிடும். சுரங்க இணைப்பு எடுத்தவர்களுக்கு அந்த நிறுவனமே பூட்டைப் பார்த்துக்கொள்ளும்.

மின்சாரம், இடி, மழை

திருகோணமலையில் நள்ளிரவு என்றால் ரொறன்ரோவில் பிற்பகல் ஒன்றரை அல்லது இரண்டரை மணி. ஆகவே படுக்கப் போகும்போது ரூட்டரை அணைக்கும் வழக்கத்தை வீட்டார் எல்லோரும் விட வேண்டும். அவர்களிடம் முதலே சொல்லி, உடன்பாட்டோடு தொடங்குங்கள். பேர்னர்ஸ் லீ ஒட்டியதுபோல் ஒரு தாளையும் ஒட்டிவிடலாம்.

2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. அந்த அளவுக்கு வீட்டு வழங்கி எதுவும் தாங்காது. தாங்க வேண்டியதும் இல்லை. அரை மணி நேரம் போன்ற சிறு தடைகளுக்கு மடிக்கணினியின் பற்றரி போதும். ரூட்டருக்குப் பற்றரி கிடையாது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். 12 வோல்ட் ரூட்டர்களுக்கென்றே சிறிய யூபிஎஸ் விற்கிறார்கள். நீண்ட தடைக்குப் பின் மின்சாரம் வந்ததும் தானே இயங்கத் தொடங்கும் தெரிவு கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் யாராவது பொத்தானை அழுத்தும்வரை தளம் கிடையாது.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பின்னேரங்களில் இடிமின்னல் கடுமை. மின்கம்பி வழியாகவும், செப்புத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் ரூட்டருக்கு வரும் அதிர்ச்சி, கேபிள் வழியே கணினிக்கும் வரும். இடி கிட்ட வந்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். தளம் இரண்டு மணி நேரம் இல்லாததால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

பாதுகாப்பு

வாயிலைத் திறந்த சற்று நேரத்திலேயே எஞ்சின்எக்ஸின் பதிவுக்கோப்பில் முன்பின் தெரியாத எண்களிலிருந்து கேள்விகள் வரத் தொடங்கும். உங்களிடம் இல்லாத வேர்ட்பிரஸ் நுழைவுப் பக்கத்தைக் கேட்பார்கள். யாரோ உங்களைக் குறிவைத்துவிட்டார்கள் என்று அஞ்ச வேண்டாம். உலகிலுள்ள எண்களையெல்லாம் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் அவை. இல்லாததை இல்லை என்று எஞ்சின்எக்ஸ் சொல்லிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. 80, 443 தவிர வேறெந்த வாயிலையும் வெளியே திறக்காதீர்கள்; குறிப்பாக எஸ்எஸ்எச் பயன்படுத்தும் 22ஐ வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு மேம்படுத்தல்கள் தானாக நிறுவப்படும்படி டெபியனில் அமையுங்கள். ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததாகவே இருந்தால் இன்றே மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மடிக்கணினியில் பழைய குடும்பப் படங்கள், வங்கி விவரங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எதுவும் இருக்கக் கூடாது. முழுவதும் அழித்துவிட்டே டெபியனை நிறுவ வேண்டும். யாராவது உள்ளே வந்தாலும் அவருக்கு அங்கே கிடைப்பது ஏற்கெனவே ஊருக்குக் காட்டிய பக்கங்களாகவே இருக்கட்டும்.

மின்னஞ்சல் சேவையை மட்டும் வீட்டிலிருந்து நடத்த முயல வேண்டாம். வீட்டு இணைப்பு எண்களிலிருந்து வரும் அஞ்சலைப் பெரிய அஞ்சல் நிறுவனங்கள் குப்பை என்றே எடுத்துக்கொள்ளும்.

தளத்தின் முழுப் படி ஒன்று எப்போதும் வேறொரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி நம் கரையில்தான், குச்சவெளிக்கும் திரியாய்க்கும் கிட்டத் தரை தொட்டது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் மடிக்கணினியும் அருகில் வைத்த பென் டிரைவும் சேர்ந்தே போகும். கன்னியாவிலோ கொழும்பிலோ உள்ள உறவினர் வீட்டில் ஒரு படியை வைத்து மாதம் ஒரு முறை புதுப்பியுங்கள். மலர்களின் திருத்திய யுனிகோட் வடிவம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். கணினி இன்னொன்று கிடைக்கும், அந்த உழைப்பை மீண்டும் போட ஆள் கிடைக்காது.

பார்வையாளர் பெருகி வீட்டு இணைப்பு திணறும் நாள் வந்தால், தளத்தை வாடகை வழங்கிக்கு மாற்றுவது கடினமில்லை. கோப்புறையை அப்படியே அங்கே நகலெடுத்து, பெயர்ப் பதிவேட்டில் எண்ணை மட்டும் மாற்றினால் சரி. மாற்றுவதற்கு முதல் நாள் அந்தப் பதிவை மற்றக் கணினிகள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கும் என்ற காலாவதி நேரத்தை 300 செக்கனாகக் குறைத்துவையுங்கள். மாற்றிய சில நிமிடங்களில் அநேகமாக எல்லோரும் புதிய இடத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு வரும் ஓரிருவருக்காக மடிக்கணினியை இன்னும் இரண்டு நாள் ஓடவிடுங்கள்.